தண்ணீர் குடிக்காத பந்தோபஸ்து

முந்தாநாள் மத்தியானம் மரக்காணம் ரோட்டில், பெருமுக்கல் மலைக்கு இந்தப் பக்கம், ஒரு கக்கூஸ் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். புத்தம் புது வண்டி. பந்தோபஸ்துக்கு வரும் பெண் போலீசுக்கென்றே அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஊற்றியிருந்த பினாயில் வாசனை பத்தடி தூரத்துக்கு வந்தது. கதவில் பூட்டு. சாவி டிரைவரிடம். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பினாயில் வாசனைதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது. கடைசி எட்டு மாதம் நீ போய்ப் போய்ப் படுத்த வார்டிலும் இதே வாசனைதான். நியாயப்படி நான் டிரைவரைத் திட்டியிருக்க வேண்டும். வாயில் வந்தது நீ. “சண்டாளி, நீ பாட்டுக்கு பல்லைக் கடிச்சிகினு நின்ன பாரு, அதனாலதாண்டி இத்தினி வருசமா எவனுக்கும் இது ஞாபகத்துக்கே வரல” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயப் போய்விட்டது.

நீ செத்துப்போய் இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கு உட்கார்ந்ததற்குக் காரணம், எனக்கு மெமோ வந்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடித்து ஏட்டிலிருந்து எஸ்.எஸ்.ஐ. ஆகப்போகிற நேரம். இப்போது ஒரு தண்டனை விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக்கொடு, மெமோவைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்கிறார் இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷன்தான். எனக்குத்தான் அந்த நாலு வரி வரவில்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி, முதலில் உன்னோடு ஒரு சண்டை போட்டு முடிப்போம் என்று இந்தத் தாளை எடுத்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே பேட்ச். நீ வளவனூர், நான் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். பயிற்சி முடித்து விழுப்புரத்துக்கு வந்த முதல் வாரமே பந்தோபஸ்துக்கு ரோட்டில் நிறுத்தினார்கள். ஆம்பளை போலீசுக்குப் புளியமரம் போதும். நமக்கு? அதற்குத்தானே நம் ஆட்கள் ‘என்கொயரி’ என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். நிற்கச் சொன்ன பாயிண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். “இங்க யார் யார் இருக்கீங்க, புது ஆளுங்க யாருனா வந்திருக்காங்களா” என்று அதட்டலாக இரண்டு கேள்வி. அப்புறம் குரலை இறக்கி, “அம்மா, பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டுமா?” பக்கத்து பாயிண்டில் இருக்கிறவள் கேட்டால், “அவ என்கொயரிக்குப் போயிருக்கா” என்றால் போதும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்ல நமக்கும் வாய் கிடையாது. துப்பாக்கி தூக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த என்கொயரியால்தான் உனக்குக் கேடு வந்தது. நினைத்தால் இப்போதும் முதலில் எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்புறம்தான் எரிச்சல்.

வளவனூர் தாண்டிப் புதுச்சேரி ரோட்டில் நாம் இரண்டு பேரும் நின்ற நாள். காலை ஆறு மணிக்கு இறக்கிவிட்டார்கள். பதினோரு மணி வரைக்கும் வருகிற தலைவர் வரவில்லை. உனக்குத் தாங்கவில்லை. கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு தகர வீடு. நீ முன்னால் ஓட, நான் துணைக்கு வந்தேன். அறுபது வயதுக்காரர் ஒருத்தர் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். உனக்கு அதட்டல் கேள்வி கேட்கும் பொறுமை எல்லாம் இல்லை. நேராகவே கேட்டாய்.

“பெரியவரே, வூட்ல கக்கூஸ் எங்க இருக்குது?”

அந்த ஆள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை இரண்டும் கூப்பியபடி, “எம்மா, எந்தப் பாவியோ போட்டுக் குடுத்துட்டாம்மா. சத்தியமா என்னுது இல்ல. மச்சான்தான் கொண்டாந்து வெச்சிட்டுப் போனான். நான் தொடக்கூட இல்லம்மா” என்றார். நாம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அவரே முன்னால் நடந்து போய்ப் பின்பக்கக் கக்கூஸைத் திறந்து காட்டினார். உள்ளே கால் வைக்க இடமில்லை. நாலு சாக்கு நிறைய பாண்டிச்சேரி சரக்கு.

அப்புறம் என்ன? எஸ்.ஐ. வர வேண்டும், இரண்டு சாட்சி வர வேண்டும், பாட்டிலை எண்ண வேண்டும், சீல் வைக்க வேண்டும், பறிமுதல் மகஜர் எழுத வேண்டும். “நான் பாத்துகினு இருக்கேன், நீ எதிர்ல இருக்கிற வூட்டுக்குப் போய்ட்டு வாடி” என்று உன் காதில் சொன்னேன். கையைக் கிள்ளினாய். “பேஜாரு பண்ணாதடி. ரெய்டுக்கு வந்த போலீசு எதிர் வூட்ல கக்கூஸ் தேடிகினு போச்சின்னா கேசு நிக்குமா?” கேஸ் நிற்க வேண்டும் என்பதற்காக நீ ஒன்றரை மணிநேரம், இரண்டு கால்களையும் ஒட்டிவைத்துக்கொண்டு, திறந்த கக்கூஸுக்குக் காவல் நின்றாய். எஸ்.ஐ. வந்து இறங்கி, “பரவால்லையே, எப்டிம்மா புடிச்சீங்க?” என்று கேட்டார். “தகவல் வந்துச்சிங்க ஐயா” என்றாய். எஃப்.ஐ.ஆரில் வழக்கம்போல ‘கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்’ என்று ஏறியது. அந்த ரகசியத் தகவல் உன் அடிவயிற்றிலிருந்து வந்தது என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். உனக்கு நற்பணிச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதை வாங்கிய அன்று உனக்கு நீர்க்கடுப்போடு நூற்றிரண்டு காய்ச்சல்.

காய்ச்சல் விட்டதும் நீ எடுத்த முடிவு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது! வேறு யாராக இருந்தாலும் அதிகாரியிடம் போய், ஐயா, பாயிண்டில் நிறுத்தினால் போய்வர ஒரு வழி செய்யுங்கள் என்று கேட்டிருப்பாள். இல்லையென்றால் வீட்டில் ஒப்பாரியாவது வைத்திருப்பாள். நீ என்ன சொன்னாய்? “தண்ணி குடிச்சாதானடி வருது? குடிக்காம இருந்துட்டா?” பெரிய கண்டுபிடிப்பு. அன்றிலிருந்து பந்தோபஸ்து என்றால் முதல் நாள் சாயங்காலமே உனக்குத் தண்ணீர் நிறுத்தம். காலையில் டீ கிடையாது. வெயிலில் வாய் காய்ந்தால் ஒரு மடக்கு எடுத்துக் கொப்பளித்துத் துப்புவாய், முழுங்க மாட்டாய். “நாக்கு நனைஞ்சா போதும்டி, உடம்பு ஏமாந்துடும்” என்பாய். ஏமாந்தது யார்?

நான் மட்டும் என்ன ஒழுங்கு. நானும் செய்தேன். எல்லோரும்தான் செய்தோம். ஆனால் நாங்கள் நாலு மணிநேரத்தில் முகம் சுளித்துவிடுவோம். நீ பத்து மணிநேரம் நிற்பாய். ஊரெல்லாம் பெயர் வந்துவிட்டது. ஹோட்டல் இல்லாத, வீடு இல்லாத, மரம்கூட இல்லாத பாயிண்ட் என்றால் டூட்டி போடுகிறவர் யோசிக்கவே மாட்டார். “அதைப் போடு, அது நிக்கும்.” அதைக் கேட்டு உனக்கு ஒரு பெருமை வேறு. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாய், நான் பார்த்திருக்கிறேன். அடி பைத்தியமே, உன்னை மெச்சவில்லை அவர்கள். உன்னை வைத்து ஒரு கக்கூஸுக்குக் கதவும் தாழ்ப்பாளும் வாங்குகிற வேலையை மிச்சம் பிடித்தார்கள். மற்ற பெண்கள் யாராவது வாய் திறந்தால், “ஏன், அந்தம்மா நிக்கலையா?” என்று கேட்டு அடக்குவார்கள். அதற்கு உன் பெயர் உதவியது.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கடுப்பும் காய்ச்சலும் வந்தது. மெடிக்கலில் நீயே பெயர் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாய். இடுப்பு வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. கால் வீங்கியபோது ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினாய். அடுத்த வருஷம் இன்னொரு அளவு. “நின்னுகினே இருந்தா எல்லாருக்கும் வீங்கத்தான் செய்யும்” என்று எனக்கு வைத்தியம் சொன்னாய். வருஷா வருஷம் போலீசுக்கு மெடிக்கல் கேம்ப் போட்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊசி, ஸ்கேன், டாக்டர் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு மட்டும் நீ கோர்ட் டூட்டி கேட்டு வாங்கிக்கொள்வாய். ஏதாவது இருக்கிறது என்று எழுதிவிட்டால் லைட் டூட்டி போட்டுவிடுவார்கள், ‘அது நிக்கும்’ என்ற பெயர் போய்விடும் என்று உனக்குப் பயம்.

ஒரு தடவை தப்ப முடியாமல் வந்து மாட்டினாய். டாக்டரைப் பார்க்கும் முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உன்னுடையதையும் என்னிடம் தள்ளினாய். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி.

“இன்னா எழுத?”

“மூணு லிட்டர்னு போடுடி.”

“மூணு லிட்டரா? மூணு டம்ளர் குடிப்பியாடி நீ?”

“ஜல்தி எழுதுடி, பின்னால ஆளு நிக்குது.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் எழுதினேன், மூன்று லிட்டர் என்று, குண்டு குண்டாக, அழகாக. கடைசியாக, அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதுண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். படிவத்தைப் பார்த்த டாக்டர் அவசரத்தில் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எத்தனையோ வாக்குமூலம் எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து மாறினாலும் என்ன ஆகும் என்று தெரிந்தவள். உன் வாக்குமூலத்தை மட்டும் நான் பொய்யாக எழுதினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பரேட் மைதானத்தில் நீ மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தது. திரும்பத் திரும்ப வந்த கடுப்பு மேலே ஏறி, நீயாகப் போட்டுக்கொண்ட வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்துவிட்டது, முதலிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். அத்தோடு ஒரு உத்தரவும் போட்டார்கள். உடம்பில் நீர் தேங்குகிறது, அதனால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

வாழ்க்கை முழுக்கத் தண்ணீர் வேண்டாம் என்றவளுக்கு அப்போதுதான் தாகம் எடுத்தது. எடுத்ததென்றால் அப்படி ஒரு தாகம். சித்திரை மாசம் வேறு. உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போன நேரமாகப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொள்வாய். “ஒரு வாய் குடுடி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்குப் புண்ணியமா போவும்.” நான் கொடுக்கவில்லை. டாக்டரம்மா காட்டிய அளவு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். “கொப்பளிச்சித் துப்பு” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் வாயில் ஊற்றி, கொப்பளித்து, சமர்த்தாகத் துப்பினாய். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னைப் பார்த்து அழ எனக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசியில் நீ போனாய். மாலை எல்லாம் நிறைய வந்தது. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். மைக்கில் ஒருத்தர், பசி தாகம் பாராமல் கடமையாற்றிய காவலர் என்று பேசினார். தாகம் பாராமல் என்ற இடத்தில் எனக்கு எழுந்து நின்று ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் நின்றார்கள், நானும் நின்றேன். நிற்பதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரிகள்.

இப்போது முந்தாநாள் கதைக்கு வருகிறேன். எட்டுப் பெண்கள், ரோட்டில் ஆளுக்கொரு பாயிண்ட், நான்தான் பொறுப்பு. உன் காரியம் முடிந்ததிலிருந்து நான் விடாமல் தண்ணீர் குடிக்கிறேன். மற்றவர்களையும் அதட்டிக் குடிக்க வைக்கிறேன். குடித்தால் வரும் இல்லையா? வந்தது. வண்டிக்குப் போனேன், பூட்டு. நாலு பக்கமும் அறுத்த வயல், ஒரு வீடு கிடையாது. எனக்குப் பின்னாலேயே நாலாவது பாயிண்டுப் பெண்ணும் வந்து நின்றாள். பிரசவம் முடிந்து டூட்டிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது அவளுக்கு. பூட்டைப் பார்த்தாள். முகத்தைக் கோணிக்கொண்டு, “பரவால்லைங்கம்மா, நான் அடக்கிக்கிறேன், பழக்கந்தான்” என்றாள்.

பழக்கந்தான் என்று அவள் சொன்னதும் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. வாக்கி டாக்கியை எடுத்தேன். இருபத்தைந்து வருஷத்தில் எந்தப் பெண்ணும் அதில் சொல்லாததைச் சொன்னேன். “பாயிண்ட் ஆறு பேசறேன். லேடீஸ் டாய்லெட் வண்டி பூட்டிக் கெடக்குது. சாவி வேணும். எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது, ஓவர்.”

மேலதிகாரிகள் வண்டியிலும் இது கேட்கும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் இன்ஸ்பெக்டர் குரல். “இன்னாம்மா, மைக்ல இன்னா பேசற?” நான் பதில் சொல்வதற்குள் வேறொரு குரல், மெதுவாக. “பாயிண்ட் ரெண்டுங்க. எனக்குந்தாங்க ஐயா.” அடுத்தது, “பாயிண்ட் ஏழு. காலைலேர்ந்து போவலைங்க.” அதற்கப்புறம் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் பாயிண்ட் நம்பரையே தப்பாகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் ஒருத்தர் பைக்கில் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் முறை வைத்துப் போய்வந்தோம். ஒருத்தி போனால் பக்கத்துப் பாயிண்டுக்காரி அவள் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். கான்வாய் அதற்கப்புறம் ஒன்றரை மணிநேரம் கழித்துத்தான் வந்தது. ஒரு குறையும் இல்லாமல் போனது.

நேற்று மெமோ. வயர்லெஸ் ஒழுக்கத்துக்கு மாறாக, பொது அலைவரிசையில் அநாகரிகமான செய்தியைத் தெரிவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா, உடம்பு சரியில்ல, தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிக்குடும்மா. புரமோஷன் நேரத்துல எதுக்கு வம்பு?” என்றார். உடம்பு சரியில்லையாம். உடம்பு சரியாக இருப்பதால்தானே ஐயா வருகிறது! இதை அவரிடம் சொல்லவில்லை. சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். “எழுதிக் குடுத்துட்டுப் போயேண்டி, பேஜாரு வுட்டது.” அதனால்தான் உன்னிடம் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் செத்தவர்களின் நல்ல குணத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். நான் உன் மேல் இருக்கிற கோபத்தைச் சுமக்கிறேன். உன்னோடு சேர்த்து என் மேல் இருக்கிற கோபத்தையும். ஒரு நாள் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றும் இப்போது தோன்றுகிறது. அதுதான் முந்தாநாள் அந்தப் பட்டனை அழுத்தியது. எஸ்.எஸ்.ஐ. வந்தால் வரட்டும், வராவிட்டால் ஏட்டாகவே ரிட்டயர் ஆகிறேன். ஒரு தடவை படிவத்தில் பொய் எழுதினேன், அதற்கு நீ போனாய். இன்னொரு தடவை என் கை எழுதாது.

விளக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கேட்ட நாலு வரிதான். ‘பணிந்து’ என்ற சொல் இல்லை, மன்னிப்பும் இல்லை. “மேற்படி நாளில் பாயிண்டில் இருந்தபோது எனக்குச் சிறுநீர் வந்தது. சாவி கேட்டு வாங்கிச் சென்றேன். இனியும் வரும். இனியும் கேட்பேன்.”